மூன்று பல் பூண்டு

கொடைக்கானல் மலையில் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பேசுகிறவர்களை நிறுத்தவும், பேசாதவர்களைப் பேசவைக்கவும் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். அவர் பிழைப்பைக் கெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், நடுவில் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து உங்களுக்கு என்மேல் கோபம் வரும்.

எல்லோருக்கும் அவர் பூண்டுக்காரர். ஊர் ஊராக மக்களிடம் கருத்துக் கேட்ட ஒரு தொண்டு நிறுவனத்தில், கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பேசவைப்பது அவர் வேலை. நடந்ததை அறிக்கையாக எழுதுவது என் வேலை. நான் பழனியில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன்.

பழனி அடிவாரத்துச் சித்திரை வெயிலிலும் அவர் குரங்குக் குல்லாயைக் கழற்றமாட்டார். மேடையைக் கண்டால் அதிலிருக்கும் நாற்காலிகளைத் தானே இறக்கி வட்டமாகப் போடுவார். பிறகு கோட்டுப் பையிலிருந்து மலைப்பூண்டை எடுத்து உரித்து, ஆளுக்கு மூன்று பல் கொடுப்பார். தனக்கும் மூன்றே மூன்று எடுத்துக்கொள்வார். விதிகளைச் சொல்லும்வரைதான் அவர் வாய்க்கு விலக்கு. ஒருமுறை பேசினால் ஒரு பல்லை நடுவிலிருக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் போட வேண்டும். மூன்றும் தீர்ந்தால் வாயைத் திறக்கக் கூடாது. கையில் பல் மிச்சமிருந்தால் எழுந்து போகக் கூடாது.

ஒரு கூட்டத்துக்கு உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் மாலையும் கழுத்துமாக வந்து உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார்.

பூண்டுக்காரர் கிண்ணத்தை நீட்டினார்.

"என்னய்யா, வணக்கம்தான சொன்னேன்?"

கிண்ணம் அங்கேயே நின்றது. இரண்டாவது பல்லும் விழுந்தது.

"இது என்னய்யா அநியாயமாக் கெடக்கு?"

மூன்றாவதும் போயிற்று. அதன்பின் இரண்டு மணி நேரம் அவர் கையாலும் புருவத்தாலுமே தன் கருத்துகளைத் தெரிவித்தார். அவர் பொதுவாழ்வில் அவ்வளவு தெளிவாகப் பேசியதே இல்லை என்று அவருடைய டிரைவர் பின்னால் சொன்னார்.

விடுதி நடத்தும் ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் சமையலறைக்குள் புகுந்து ஒரு பிடி பூண்டை அள்ளிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அவர் நான்காவது முறை பேசியபோது, பூண்டுக்காரர் கிண்ணத்திலிருந்த அந்தப் பல்லை எடுத்து மோந்து பார்த்தார்.

"இது மலைப்பூண்டு இல்லீங்க. கீழ இருந்து லாரியில வந்தது. பேசுனது செல்லாது."

பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஒருவர் கூட்டம் தொடங்குமுன்னே மூன்றையும் மென்று தின்றுவிட்டார். "வாயுத் தொந்தரவுங்க. கையில பூண்டு இருந்தா வாய்க்குப் போயிருது" என்றார். அவர் பேசியதாகவே கணக்கு.

சிரித்தாயிற்று. இனி என் கதை.

கூக்காலில் ஒரு கூட்டம். ஏரியில் சுற்றுலாப் படகு விடலாமா என்று ஊரைக் கேட்பது திட்டம். விடுவது என்று மேலே ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அந்த ஊருக்கு ஓடுவதே ஒன்றிரண்டு பேருந்து. கடைசிப் பேருந்தைத் தவறவிடக் கூடாதென்று, 'அனைவரும் ஒருமனதாக வரவேற்றனர்' என்ற அறிக்கையை முந்தின நாளே தட்டச்சு செய்து பையில் வைத்திருந்தேன். நடப்பதற்கு முன்பே வரலாற்றை எழுதிய வரலாற்று ஆசிரியன் நான்.

எங்கள் குழுவில் மாரியம்மா என்று ஒரு பெண். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். கேரட் காட்டில் கூலி வேலை. எல்லோரும் பேசித் தீர்த்தபின்னும் அவர் கையில் மூன்று பல்லும் அப்படியே இருந்தன. வெளியே பேருந்து ஹார்ன் அடித்தது. நான் பையை எடுத்தேன். பூண்டுக்காரர் அசையவில்லை. ஹார்ன் மறுபடி அடித்தது. கடைசியில் டிரைவரே உள்ளே வந்துவிட்டார்.

"என்னங்க, கெளம்புற சோலி இருக்கா இல்லையா?"

பூண்டுக்காரர் அவருக்கும் ஒரு நாற்காலியைக் காட்டி மூன்று பல் கொடுத்தார். மனிதர் திகைத்துப்போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் மாரியம்மாவுக்கு வாய் திறந்தது.

"ஏரியில போட்டு விட வேணாம்னு சொல்லலீங்க" என்று ஒரு பல்லைப் போட்டார்.

"காலையில இவுக பஸ்ஸு கொடைக்குப் போய்ச் சேர்றப்ப ஆஸ்பத்திரியில சீட்டு குடுத்து முடிஞ்சிருது. நாளைக்கு வாங்கன்னு சொல்லிடுறாக. நாளைக்கும் இதே பஸ்ஸுதான." இரண்டாவது விழுந்தது.

மூன்றாவதைச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். "எம் மகளுக்கு இது ஏழாம் மாசம். சும்மாச் சும்மா போய்ட்டுத் திரும்ப அவளால ஏலாது. பஸ்ஸ ஒரு மணி நேரம் வெள்ளனே விடச் சொல்லி எழுதுங்க, சார்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

டிரைவர் தன் பல்லில் ஒன்றைப் போட்டார். "எழுத்துல வந்தா நாளைக்கே வெரசா எடுத்துருவேன்மா."

எழுத்தில் வரவில்லை. ஒரு பக்கத்தை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், மேலே காரணம் கேட்பார்கள் என்று சோம்பலும் பயமுமாக, பையில் இருந்ததையே கொடுத்தேன். பேருந்து தாமதமானது பற்றி விளக்கம் கேட்டார்கள். 'ஒருங்கிணைப்பாளர் பூண்டை வைத்து விளையாட்டுக் காட்டியதால் ஒழுங்கு குலைந்தது' என்று எழுதினேன். அந்த வரியை மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்ய எனக்குச் சோம்பல் வரவில்லை. அதன்பின் பூண்டுக்காரரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

நான்கு வருடம் அது உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. போன வருடம், அந்த அறிக்கை பொய் என்று கையெழுத்திட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. கூக்காலுக்குப் போனேன். மாரியம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகளுக்குப் பிரசவம் கேரட் லாரியில், பூம்பாறை தாண்டும்போதே ஆகிவிட்டதாம். தாயும் பிள்ளையும் நலம்.

"பஸ்ஸு இப்ப வெள்ளனே போகுதுங்க. அந்தக் குல்லாக்காரரு வாராவாரம் டிப்போவுக்குப் போய் உக்காந்து மாத்த வச்சாரு. நீங்க எழுதலையாமே?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ போட்டுக் கொடுத்தார்.

அங்கிருந்து அட்டுவம்பட்டிக்குப் போய்ப் பூண்டுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குல்லாயோடு வந்து திறந்தார். மேசையில் எனக்கு மூன்று, அவருக்கு மூன்று என்று பல்லை வைத்தார். நடுவில் அதே கிண்ணம்.

"மேல நெருக்கடி குடுத்தாங்க" என்றேன். ஒன்று போயிற்று.

"அப்ப எல்லாரும் அப்படித்தான் எழுதுனாங்க." இன்னொன்று.

மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் காத்திருந்தார், காத்திருப்பதுதான் அவர் தொழில்.

"எழுதாம விட்டது நான். உங்க மேல பழி போட்டதும் நான்தான்."

மன்னிப்புக் கேட்க என்னிடம் பல் மிச்சமில்லை. அவர் தன் பல்லில் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டார்.

"டீ குடிக்கிறீகளா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அதன்பின் ஒவ்வொரு வியாழனும் பழனியிலிருந்து மலையேறி, அவர் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவர் மிச்சம் வைத்த இரண்டு பல்லும் மேசைமேல் காய்ந்து சுருங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் போட்டு அவர் என்ன சொன்னாலும், கேட்க நான் அங்கே இருக்க வேண்டும்.