கேமரா பார்க்கிற அளவு

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம். இன்னும்... போதும், போதும்! இப்ப உங்க கை தெரியல. அந்த இடத்துல ஒரு கோடு போடுங்க."

மடிக்கணினியின் திரையைப் பார்த்துக்கொண்டே மனைவி சொல்லச் சொல்ல, சூப்பர்வைசர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பென்சிலால் கோடு இழுத்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பிறகு தள்ளி நின்று பார்த்தார். ஹால் சுவரின் நட்டநடுவில், ஒற்றைக் கட்டில் அகலத்துக்கு ஒரு கட்டம்.

"கேமராவுக்குத் தெரியறது இவ்வளவுதான். இதுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சாப் போதும். ஒரே ஒரு லிட்டர்ல வேலை முடிஞ்சுது!"

"மீதிச் செவுரு?"

"அதை யாரு பாக்கப் போறாங்க?"

"ஏன், நான் பாக்க மாட்டேனா? தினமும் நான்தானே பாக்கணும்?"

சூப்பர்வைசர் பென்சிலைச் சீவப் போய்விட்டார். மனைவி கேள்வி கேட்டால் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் அது.

அவர் வேலை பார்ப்பது தண்ணீர் மோட்டார் விற்கிற ஒரு கம்பெனியில், புகார்ப் பிரிவில். மோட்டார் ஓட மாட்டேங்குது என்று திட்டுகிறவர்கள், ஓடினால் நிற்க மாட்டேங்குது என்று திட்டுகிறவர்கள், எல்லோரையும் வீட்டில் உட்கார்ந்தபடியே போனில் சமாதானம் செய்வார். பன்னிரண்டு வருடமாக அதே சூப்பர்வைசர் வேலை. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் இன்று அவருக்கே உத்தரவு போடுகிறார்கள். மேனேஜர் பதவி இரண்டு முறை வருகிற மாதிரி வந்து நழுவிவிட்டது. மூன்றாவது முறையாக இப்போது ஒரு வாய்ப்பு. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டைரக்டரே வீடியோவில் நேர்காணல் செய்கிறார். இதுவும் போனால் தன்னை யாரும் இனிமேல் கூப்பிடக்கூட மாட்டார்கள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே பயம்.

அந்த பயத்தில் எண்ணெய் ஊற்றியவர் டைரக்டர்தான். போன வாரக் கூட்டத்தில் நடுவே நிறுத்தி, "உங்களுக்குப் பின்னாடி என்னது அது, உலக மேப்பா?" என்று கேட்டுவிட்டார். திரையில் பதினேழு கட்டங்களில் பதினேழு பேர் சிரித்தார்கள். அது மேப் இல்லை. குளியலறைப் பக்கத்திலிருந்து சுவரில் ஊறிய ஈரக்கறை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "ஆமா சார்" என்று சொல்லித் தொலைத்தார்.

டைரக்டரின் சுவரோ அப்படி ஒரு சுவர்! அடர்நீலம். அதில் இரண்டு பெரிய ஓவியங்கள், நடுவே உயரமாக ஒரு விளக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் ஆபீசே அதைப் பார்த்துப் பெருமூச்சு விடும்.

வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் வந்து இறங்கினார். மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். உலகத்தில் தனக்குத் தெரியாத வேலையே இல்லை என்பது அவருடைய எண்ணம்.

"பெயிண்ட்தானே மாமா? எங்கிட்ட விடுங்க. நான் பாக்காத பெயிண்டா?"

பெயிண்டோடு அவருக்கு இருந்த ஒரே பழக்கம், ஒருமுறை ஈரம் காயாத பெஞ்சில் உட்கார்ந்ததுதான். அது மாமாவுக்குத் தெரியாது.

"கலர் மட்டும் துணிஞ்சு அடிக்கணும். வெளுத்த கலர் அடிச்சா ஆளும் வெளுத்துப்போய்த் தெரிவாரு" என்று செங்கல் சிவப்பில் ஒரு டப்பாவைத் தூக்கிவந்திருந்தார். தள்ளுபடியில் கிடைத்ததாம்.

முதலில் கறையை லேசாகச் சுரண்டச் சொன்னார். சூப்பர்வைசர் லேசாகத்தான் சுரண்டினார். தட்டு அளவுக்கு ஒரு பூச்சுப் பொருக்கு விழுந்தது. அந்த இடத்தை ஒழுங்குபடுத்தப் போனதில் தாம்பாள அளவுக்கு இன்னொன்று விழுந்தது. உள்ளே நிஜமான செங்கல் பல்லை இளித்தது.

"ஐயோ, வீட்டை இடிக்கிறீங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!"

சுவர்ப் பள்ளத்தை அடைக்கிற புட்டி மாவைக் குழைத்து அள்ளி அள்ளி அப்பினார்கள். அது காயும்வரை பொறுக்க மனம் வரவில்லை. அதன் மேலேயே பெயிண்டை அடித்தார்கள். முதல் பத்து நிமிடம் சுவர் ஜோராக இருந்தது. மத்தியானம் மச்சான் ரகசியக் குரலில் கூப்பிட்டார்.

"மாமா, செவுரு உப்புது."

உண்மைதான். சிவப்புப் பரப்பில் அங்கங்கே பூரித்துக்கொண்டு கொப்புளங்கள். காய வைத்தால் சரியாகும் என்று அக்காவின் ஹேர் டிரையரை எடுத்து மச்சான் காட்டினார். கொப்புளங்கள் ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகி, நடுவே ஒன்று படாரென்று வெடித்தது.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. அதுவரை முறைத்துக்கொண்டிருந்த மனைவிக்கே மனசு கேட்கவில்லை.

"சரி, எழுந்திருங்க. மேல ஒரு படம் மாட்டி மறைச்சிடலாம்."

"அவ்வளவு பெரிய படத்துக்கு எங்க போறது? கையைக் கடிக்குமே."

"வாங்கறதாவது! கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் எதையும் தொடாம இருங்க, அது போதும்."

பரணில் கிடந்த பெரிய பிளைவுட் பலகையை இறக்கச் சொன்னாள். பழைய ஜன்னல் திரையொன்று, கை அகல மஞ்சள் பூக்கள் போட்டது, பெட்டியில் இருந்தது. அதைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பலகையில் சுற்றி, பின்பக்கம் வரிசையாகப் பின் அடித்தாள். நிமிர்த்தி வைத்ததும் மூன்று பேரும் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்கள். சிவப்புச் சுவருக்கு முன்னால் அந்த மஞ்சள் பூக்கள் அப்படி எடுப்பாக இருந்தன.

"எட்டு வருஷத்துல அழகுக்குன்னு இந்த வீட்டுல நாம செஞ்ச முதல் பொருள் இதுதாங்க" என்றாள். பூக்களின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.  இதை இத்தனை நாள் செய்யாமல் விட்டோமே என்று சூப்பர்வைசர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆணி அடிக்கிற வரைக்கும்தான் அந்த வருத்தம். சுவருக்குள் ஆணி சுலபமாகப் போனது, அதைவிடச் சுலபமாக வெளியே வந்தது. வரும்போது சும்மா வராமல் ஒரு கைப்பிடி அளவு சுவரையும் கூட்டிக்கொண்டு வந்தது. நாலு ஆணி அடித்துப் பார்த்து, நாலு ஓட்டைகளோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"கவலையே படாதீங்க மாமா. நான் கீழ குனிஞ்சு உக்காந்து தலைக்கு மேல பலகையைத் தாங்கிப் பிடிச்சுக்கறேன். கேமராவுக்கு நான் தெரிய மாட்டேன். ஸ்டியரிங் பிடிச்ச கை இது!"

"இன்டர்வியூ நாற்பது நிமிஷம்டா."

"நாள் பூரா பஸ் ஓட்டறவன்கிட்டயா நிமிஷக்கணக்கு பேசறீங்க?"

சனிக்கிழமை காலைக்குள் ஹாலில் இருந்த சாமான்கள் வீடு முழுக்க இறைந்துவிட்டன. டிவி கட்டிலில் படுத்திருந்தது. செருப்பு அலமாரி சமையலறைக்குக் குடிபோயிருந்தது. பிரிட்ஜ் படுக்கையறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் மனைவி பக்கவாட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போய்வர வேண்டும். கேமராவில் மட்டும் வீடு மாளிகை மாதிரி இருந்தது.

சூப்பர்வைசர் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அது அரக்குச் சிவப்பு.

"ஐயையோ! செவுத்தோட சேந்து போச்சு. தலை மட்டும் அந்தரத்துல தொங்குதுங்க!"

ஓடிப்போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மணி பதினொன்று. திரையில் நீலச் சுவரும், அதற்கு முன்னால் டைரக்டரும் தோன்றினார்கள்.

"என்ன சூப்பர்வைசர், வீட்டை மாத்திட்டீங்களா? பிரமாதமா இருக்கே!"

"சும்மா ஒரு சின்ன ரசனை சார்" என்று அசடு வழிந்தார்.

முதல் கேள்வி, இரண்டாவது கேள்வி எல்லாவற்றுக்கும் மடமடவென்று பதில் சொன்னார். பன்னிரண்டு வருட அனுபவம் பேசியது. டைரக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டார். லேப்டாப்புக்குப் பின்னால் நின்ற மனைவி கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

"வாடிக்கையாளர் பயங்கர கோபத்துல இருக்காரு. எப்படிச் சமாளிப்பீங்க?"

"முதல்ல உள்ளதை ஒத்துக்கணும் சார். நம்ம பக்கம் குறை இருந்தா மறைக்கவே கூடாது. மறைக்க மறைக்கத்தான் அது பெருசாகும்."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பின்னால் பூக்கள் மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கின. ஸ்டியரிங் பிடித்த கை கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிக்கொண்டிருந்தது. மனைவி பதறிப்போய், மேலே, மேலே என்று தம்பிக்குக் கை காட்டினாள். தனக்குத்தான் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு சூப்பர்வைசர் எழுந்து நின்றார்.

"ஏன் எந்திரிச்சிட்டீங்க?"

"ஒரு... ஒரு மரியாதைக்கு சார்."

"உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார். அதற்குள் பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை மறைக்க நாற்காலியை வலது பக்கம் நகர்த்தினார். பென்சில் கோடும், கோட்டுக்கு அந்தப் பக்கம் மீதி உலக மேப்பும் தெரிந்தன. அதை மறைக்க லேப்டாப் மூடியைப் பின்னால் தள்ளினார். மேலே ஒட்டடை தெரிந்தது. நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

அந்த நேரம் பார்த்து புட்டித் தூள் மச்சானின் மூக்கில் ஏறியது. அவர் பெரிய சரீரம். தும்மலும் அதற்கேற்ற தும்மல். பலகை அவர் கையை விட்டுத் துள்ளி, சூப்பர்வைசரின் தோளில் இடித்து, தரையில் தடாலென்று விழுந்தது. கூடவே ஒரு கூடைச் சுவரும் விழுந்தது. ஹாலே புகைமூட்டமானது. அந்த வெண்புகைக்குள்ளிருந்து தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் உருவம் எழுந்து கும்பிட்டது.

"வணக்கம் சார். நான் இவரோட மச்சான்."

டைரக்டர் முகத்தைக் கேமராவுக்கு வெகு பக்கத்தில் கொண்டுவந்தார். "செவுத்துக்குள்ள இருந்தா வர்றீங்க?" என்றார்.

போச்சு, மூன்றாவது முறையும் போச்சு. சூப்பர்வைசருக்கு மானம் கப்பலேறியது. ஆனால் விசித்திரமாக, அதோடு பயமும் ஏறிப் போய்விட்டது. லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கினார். சிவப்புக் கட்டத்தைக் காட்டினார், நாலு ஓட்டைகளைக் காட்டினார், கட்டிலில் படுத்திருந்த டிவியைக் காட்டினார், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மனைவியையும் காட்டினார்.

"சார், அன்னிக்கு நீங்க பாத்தது மேப் இல்ல. ஈரக்கறை. நீங்க கேட்டதும் எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு அவமானமாப் போச்சு. உங்க வீடு மாதிரி ஒரு மூலையாவது இருக்கட்டும்னு இத்தனையும் பண்ணினோம். இதுதான் சார் என் வீடு. அந்தப் பூப்போட்ட படம் மட்டும் பொய் இல்ல, அது இவ கையால செஞ்சது. எனக்கு வேலை தெரியும் சார். செவுத்துக்குப் பெயிண்ட் அடிக்கத்தான் தெரியல."

மனைவி அழுதேவிட்டாள். மச்சான் தும்மலை அடக்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பாருங்க சூப்பர்வைசர். உங்க வேலையில குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. பதில் எல்லாம் முதல் தரம். ஆனா மேனேஜர்னா அதுக்குன்னு ஒரு தோரணை இருக்கு. ஆள் உக்காந்திருக்கிற இடத்தைப் பாத்தாலே நாலு பேருக்கு மரியாதை வரணும். உதாரணத்துக்கு, இப்ப என்னையே எடுத்துக்குங்க..."

அவருக்குப் பின்னால், நீலச் சுவரை ஒட்டியிருந்த கதவு திறந்தது. துவைத்த துணிக்கூடையை இடுப்பில் வைத்தபடி ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, எரிச்சலோடு சொன்னார்:

"ஏங்க, பேசி முடிச்சிட்டீங்கன்னா சீக்கிரம் நம்ம வீட்டுக்குக் கிளம்பி வாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அவங்க ஹால் வேணுமாம்!"