வாசற்படியில் முளைத்த ஆணிகள்

கிஸில்-தோபோ ஊரில் அந்த ஆண்டு உருளைக்கிழங்கு பொய்த்துவிட்டது. ஆணி மட்டும் அமோக விளைச்சல். எந்த வீட்டு வாசற்படியைக் கிளறினாலும் கறுப்பு நூல் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே துருப்பிடித்த ஆணி, வளைந்த ஊசி, கொஞ்சம் முடி. செய்வினை! அறுவடை செய்தவர் தஷ்டான்பெக். தலாஸ் பள்ளத்தாக்கு முழுவதும் அவருக்குக் 'கண் திறந்தவர்' என்று பெயர். ஊரார் கண்ணை மூடிக்கொண்ட பிறகு எவன் வேண்டுமானாலும் கண்ணைத் திறக்கலாம்.

மகான் பணத்தைக் கையால் தொடமாட்டார். கொழுத்த வாலுள்ள செம்மறியை மட்டும் தொடுவார். ஒரு பொட்டலத்துக்கு ஓர் ஆடு. தலையில் இருந்த, விளிம்பு மடித்த உயரமான வெள்ளைக் கல்பாக் தொப்பியை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. காரில் போகும்போதுகூட அது கூரையில் இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்தே உட்கார்ந்திருப்பார்.

"தொப்பிக்கு என்ன மரியாதை குடுக்கறார் பாருங்க!" என்று ஊர் உருகியது.

அந்த ஊரில் ஒருவன் கல்பாக்கை இன்னொருவன் தொடமாட்டான். தரையில் வைக்கவும் மாட்டார்கள். மகானோ ஒவ்வொரு வாசலிலும் மண்டியிட்டு, கல்பாக் மண்ணில் உரச நெற்றியைப் படியில் வைத்து, "மண் பேசறதைக்" கேட்பார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் தடவி மண்ணைக் கிளறுவார். எழும்போது கையில் பொட்டலம் இருக்கும். வேறு எவனாவது தொப்பியை இப்படி மண்ணில் தேய்த்திருந்தால் உதை விழுந்திருக்கும். மகான் செய்தால் அதற்குப் பெயர் பணிவு.

பொட்டலத்தை வைத்தது யார் என்று கேட்டால் எல்லா வீட்டுக்கும் ஒரே பதில்தான். "வெளியிலேர்ந்து கடைசியா இந்தப் படியைத் தாண்டி வந்த ஆள்." எந்த வீட்டில் பார்த்தாலும் அது மருமகள்தானே! ஜோல்தோஷ் என்பவர் தன் மருமகள் பெர்மெத்தைப் பெட்டியோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளையை மட்டும் வைத்துக்கொண்டார். அது அம்மாவைத் தேடி அழும் சத்தம் வேலி தாண்டிப் பக்கத்து வீட்டு ஜிபாருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கும்போதெல்லாம் அவள் தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவளும் ஒரு மருமகள்.

ஜிபாரின் கணவன் எர்மெக் ரஷ்யாவில் கட்டட வேலை பார்த்தான். ஊருக்குத் திரும்பியதும் பழைய நாணயம் தேடி ஒரே நாளில் பணக்காரனாகிவிடுவது என்று முடிவு செய்து ஒரு மெட்டல் டிடெக்டரை அனுப்பிவைத்தான். "நான் வர்றதுக்குள்ள கத்து வச்சுக்கோ" என்று போனில் உத்தரவு வேறு.

அவள் கற்றுக்கொண்ட அழகை ஊரே வேலியில் தொற்றிக்கொண்டு ரசித்தது. முதல் நாள் அவள் நின்ற இடத்தில் எல்லாம் மிஷின் உறுமியது. நின்ற இடத்தில் எல்லாம் தோண்டினாள். குழிதான் மிச்சம்.

"இது முத்தமா, எலி வளையா? மாடு கால ஒடிச்சுக்கப் போகுதுடி!" என்று மாமியார் ஊல்கான் கத்தினாள்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஜிபார் மாட்டியிருந்தது எர்மெக்கின் கட்டட வேலை பூட்ஸ். முனையில் இரும்புத் தகடு. மிஷின் மண்ணைப் பார்த்து உறுமவில்லை. அவள் காலைப் பார்த்து உறுமியிருக்கிறது. ஊர் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவள் ரப்பர் செருப்புக்கு மாறினாள். மிஷினின் வட்டத் தட்டைத் தரையை ஒட்டினாற்போல், புல் அறுக்கும் வாக்கில், இடமும் வலமுமாக வீசப் பழகினாள். இரும்புக்கு உறுமல், வெள்ளிக்குக் கீச்சு என்று காது பிடிபட்டது. லாடம், பாட்டில் மூடி, டிராக்டர் நட்டு என்று முற்றமே சுத்தமாயிற்று. கடைசியில் வாசற்படி ஓரத்தில் கீச்சென்றது. பனிக்காலத்தில் ஊல்கான் தொலைத்துவிட்டு அழுத வெள்ளித் தோடு! அன்றிலிருந்து ஊல்கான் மிஷினுக்குத் தலையணை உறை போட்டு மூடிவைத்தாள்.

ஆனால் ஊல்கானுக்கு முட்டி வலி இருந்தது. பசுவும் பால் குறைத்திருந்தது. முட்டிக்கு வயதாகிவிட்டது, பசுவுக்குத் தீனி போதவில்லை என்று யாராவது சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. மகானுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

"ஆபா, அவர் வந்தா என்னைத்தான் கை காட்டுவார்" என்று மாமியாரிடம் சொன்னாள் ஜிபார்.

"நீ வைக்கலேன்னா உனக்கு என்னடி பயம்?"

"பெர்மெத்தும்தான் வைக்கலை."

ஊல்கான் மடியில் கிடந்த பேரனின் தலையைத் தடவினாள். "பொட்டலம் வந்தா நீ உங்க அம்மா வீட்டுக்கு. பிள்ளை இங்கதான். நான் என்ன செய்ய?"

ஜிபார் மூலையில் இருந்த மிஷினைப் பார்த்தாள். "சரி ஆபா. வந்தா நானே பெட்டியைத் தூக்கறேன். ஆனா அவர் குனியறதுக்கு முன்னாடி, எல்லாரும் பாக்க, படியில மிஷினை ஓட்டுவேன். உங்க தோட்டை எடுத்துக் குடுத்த மிஷின்."

ஊல்கானின் கை தானாகக் காதுக்குப் போனது. "ஓட்டு" என்றாள்.

மகான் வந்த அன்று முற்றத்தில் நிற்க இடமில்லை. தேநீரும் பொரித்த ரொட்டியும் தின்று முடித்துக் கூட்டம் வேடிக்கைக்குத் தயாரானது. ஆடு முன்கூட்டியே கார் டிக்கியில் ஏறிவிட்டது. ஜிபார் ரப்பர் செருப்போடு வந்தாள். ஓர் ஆணியை மண்ணில் புதைத்து மிஷினை ஓட்டினாள்; உறுமியது. ஆணியை எடுத்து வீசிவிட்டு வாசற்படி முழுவதும் ஓட்டினாள். ஒரு முனகல்கூட இல்லை.

"ஒண்ணும் இல்லை. இப்ப நீங்க பாருங்க ஐயா."

தஷ்டான்பெக் சிரித்தார். "மிஷின் இரும்பைத் தேடும் மகளே. நான் வினையைத் தேடறவன்." மண்டியிட்டார், முனகினார், முகத்தைத் தடவினார், கிளறினார். எழுந்தபோது கையில் பொட்டலம்!

"மாட்டினாளா!" என்றார் ஜோல்தோஷ். ஊல்கான் பேரனை இறுக்கிக்கொண்டாள்.

ஜிபார் விடவில்லை. பொட்டலத்தின்மேல் மிஷினைக் காட்டினாள். உறுமியது. "இப்ப கத்துதே ஐயா, அப்ப ஏன் கத்தலை?"

"மண்ணுக்குள்ள ஷைத்தான் அதோட வாயைக் கட்டி வச்சிருந்தான். என் கை பட்டதும் கட்டு அவிழ்ந்துபோச்சு."

ஷைத்தான் எலெக்ட்ரானிக்ஸும் படித்தவன் என்பதைக் கூட்டம் தலையாட்டி ஏற்றுக்கொண்டது. மகான் அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஆசை விடவில்லை. "தொழுவத்துலயும் ஒண்ணு இருக்கு. இன்னொரு ஆட்டை அவுத்து விடுங்க."

ஜிபார் குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆபா, முதல் நாள் நான் ஏன் முத்தம் பூரா குழி தோண்டினேன்?"

"உன் பூட்ஸுல இரும்பு இருந்துச்சு. நீ நின்ன இடத்துல எல்லாம்..." ஊல்கான் மகானைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவர் மண்டியிட்ட இடத்துல எல்லாம் ஆணி வருது. மண்ணையே தோண்டிப் பாத்தோம். இவரைப் பாத்தோமா?"

மகான் பின்வாங்குவதற்குள் மிஷின் அவர் காலடிக்குப் போயிற்று. பூட்ஸ், சத்தமில்லை. இடுப்பில் பெல்ட் கொக்கிக்கு ஒரு கீச்சு, கூட்டம் சிரித்தது. தலைக்கு நேரே போனதும் மிஷின் உறுமிய உறுமலில் டிக்கிக்குள் ஆடு கத்தியது.

"கல்பாக்கைத் தொடாதே! பாவம்!" என்று அலறினார் மகான்.

"நான் எங்க தொட்டேன்? ஒரு சாண் தள்ளித்தானே நிக்குது."

ஊல்கான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "விருந்தாளி கல்பாக்கைக் குடுங்க. உள்ள, மேலான இடத்துல மாட்டி வைக்கறேன். நம்ம முறை அதானே?"

அந்த மரியாதையை வேண்டாம் என்று சொன்ன விருந்தாளி அந்த ஊரில் பிறந்ததில்லை. மகான் வேண்டாம் என்றார். "நேரமாச்சு" என்று காரைப் பார்த்து ஓடினார். ஓடிய வேகத்தில் கழுத்தைச் சாய்க்க மறந்துவிட்டார். கல்பாக் கார் கூரையில் மோதி மண்ணில் விழுந்தது. மடித்த விளிம்பிலிருந்து கறுப்பு நூல் சுற்றிய பொட்டலங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

ஜோல்தோஷ் ஒன்றைப் பிரித்தார். உள்ளே இருந்த முடியைத் தேய்த்துப் பார்த்தார். "இது மனுஷ முடியே இல்லையேம்மா. ஆட்டு வால் முடி."

"உங்க ஆட்டோடதாவும் இருக்கும் அண்ணே" என்றாள் ஜிபார்.

அவர் பெரிய மனிதர் போல் நிற்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் பேரனைத் தோளில் தூக்கி, பெர்மெத்தின் ஊருக்குப் போகும் சாலையில் நடந்தார்.

கூட்டம் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. வரிசையாக நின்றது. முன்னால் நின்றவன் கையில் ஓர் ஆட்டுக்கயிறு.

"அம்மா ஜிபார், உங்க மிஷின் பெரிய சக்தியுள்ளது. எங்க வீட்டுக்கும் ஒரு நடை எடுத்து வாங்க தாயே."

ஊல்கான்கூட மெதுவாக முட்டியை நீட்டினாள். "இதுமேலயும் ஒரு தடவை ஓட்டிப் பாரேன்டி."

ஜிபார் மிஷினை அணைத்துத் தலையணை உறைக்குள் போட்டாள்.

"முட்டிக்கு டாக்டர் இருக்கார் ஆபா, நாளைக்கே போவோம். நீங்கல்லாம் ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டுங்க. அந்த ஆள் தலையில இருந்ததை மிஷின் காட்டிடுச்சு. உங்க தலைக்குள்ள இருக்கறதை நீங்கதான் தோண்டிப் பாக்கணும்!"