சம்பந்திக்குக் கேட்காத குரல்

“சம்பந்தி, லைன்லதான் இருக்கீங்களா?” மூவாரிலிருந்து வேலுவின் குரல் கணீரென்று கேட்டது.

“இருக்கேன், சொல்லுங்க” என்றார் மதிவாணன்.

“சம்பந்தி?”

“இருக்கேங்க.”

“என்ன இவரு, வாயே தெறக்க மாட்டேங்கிறாரு. நம்ம மேல ஏதும் வருத்தமா?” என்று வேலு பக்கத்தில் யாரிடமோ கேட்டதுகூட இங்கே தெளிவாகக் கேட்டது. இங்கிருந்து மதிவாணன் கத்தியதுதான் அங்கே கேட்கவில்லை.

புத்தம் புது ஹேண்ட்போன். மகள் லோஷினியின் கல்யாணம் நெருங்குகிறதே, மாப்பிள்ளை வீட்டோடு பேச நல்ல செட் வேண்டாமா என்று சொல்லி, குளுவாங்கில் ஹேண்ட்போன் கடை வைத்திருக்கும் மச்சான் ஜீவன் கொடுத்தது.

புதுச் சாமான் என்றால் மதிவாணன் பச்சைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார். கண்ணாடிக்கு ஸ்டிக்கர், முதுகுக்கு உறை, சாமி மேடையில் ஓர் இரவு, கண்ணாடியில் கறை படாமல் கீழ் ஓரமாக ஒரு பொட்டு, சூடம், காலையில் ஈரத்துணியால் அழுத்தி ஒரு துடைப்பு. அந்த வீட்டில் ரைஸ் குக்கர்கூட இந்த மரியாதை இல்லாமல் சோறு வடித்ததில்லை. சார்ஜர் வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்.

நெற்றியில் வைத்த சந்தனம் வியர்வையில் கரைய, ஜீவனின் கடைக்குப் போனார்.

“மாமா, நான் விக்கிறவன் லா. செஞ்சது கம்பெனி. மைக் கெட்டிருந்தா அவங்கதான் பொறுப்பு.”

மதிவாணன் கடைப் போனிலிருந்தே கம்பெனிக்கு அடித்தார். புதுச் செட் என்றால் விற்ற கடைதான் மாற்றித் தர வேண்டும் என்றார்கள்.

“கடைதானாம்.”

“கம்பெனிதான் மாமா.”

“அப்ப நடுவுல நான் யாரு?”

“நீங்க கஸ்டமர்.”

கடைசியில், அக்கா முகத்துக்காக ஜீவனே வேறு புதுச் செட் எடுத்துக் கொடுத்தான். கடையிலேயே அதிலிருந்து மனைவி வாசுகியைக் கூப்பிட்டுப் பார்த்தார். “ஏங்க இப்படிக் கத்துறீங்க, காது வலிக்குது” என்றாள். மதிவாணனுக்கு அதைவிட இனிமையாக அவள் எப்போதும் பேசியதில்லை.

வீட்டுக்குக் கொண்டுபோய், பழையதற்குச் செய்த மரியாதையில் எதையும் குறைக்காமல் செய்தார்.

மறுநாள் வேலு கூப்பிட்டார். “சம்பந்தி? அலமாக், இன்னைக்கும் பேச மாட்டேங்கிறாரே.”

மதிவாணன் நேராகக் கடைக்குப் போய்விட்டார். “அக்கா புருஷன் கேக்க மாட்டான்னு ரிஜெக்ட் செட்டா பாத்துத் தள்ளிவிடுறியா?”

“மெதுவா மாமா. ஆளுங்க நிக்கிறாங்க.”

“நிக்கட்டும். அவங்களாவது தப்பிச்சுப் போகட்டும்.”

நின்றவர்கள் நிஜமாகவே போய்விட்டார்கள். ஜீவன் காலியான கடையைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

“சரி மாமா. உங்க மகளுக்குத் தாய்மாமன் வேணும்னா, அதையும் இனிமே கம்பெனிகிட்டயே கேட்டு வாங்கிக்குங்க.”

அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. “மணவறையில அவ பக்கத்துல யாருங்க நிப்பா? இந்த ஹேண்ட்போனா?” என்றாள் வாசுகி. லோஷினி அதற்கு மேல். “ஜீவன் மாமா வராம நான் மணவறை ஏற மாட்டேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் வாசுகி தம்பியைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஜொகூர் பாருவில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் தீர்ப்புக் கேட்பது என்று முடிவானது. முக்கியமான காரியம் என்பதால் மதிவாணன் அன்று நெற்றியில் சந்தனத்தைச் சற்றுத் தாராளமாகவே பூசியிருந்தார்.

“ஒந்தம்பிகிட்ட ஏர்கானைக் குறைக்கச் சொல்லு.”

“மாமாகிட்ட ரோட்டைப் பாத்து ஓட்டச் சொல்லுக்கா.”

வழியெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

கவுன்டரில் ஷஹீரா என்று பெயர் குத்தியிருந்த பெண் செட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்குத் தெரிய வேண்டியது ஒன்னே ஒன்னும்மா” என்றார் மதிவாணன். “கம்பெனியா, கடையா? தப்பு யாரு மேலயோ அவங்க இங்கயே, இவ முன்னாடி மன்னிப்புக் கேக்கணும்.”

“கேக்கணும்” என்றான் ஜீவனும். “கேட்டுட்டா கல்யாணத்துல மொத ஆளா வந்து நிக்கிறேன்.”

“ரெண்டு பேரும் சொன்ன வார்த்தையில நிக்கணும்” என்றாள் வாசுகி.

“நான் நிப்பேன். அவன் நிப்பானான்னு கேளு.”

ஷஹீரா உறையைக் கழற்றினாள். விளக்கை இழுத்துவைத்து, செட்டின் கீழ் விளிம்பில் இருந்த ஊசிமுனை மைக் ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டு நெம்பினாள். காய்ந்த மஞ்சள் நிறப் பொடி கொஞ்சம் வெள்ளைக் காகிதத்தில் உதிர்ந்தது. எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மதிவாணனின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அங்கிள், இதுக்குள்ள அடைச்சிருக்கிறதும் உங்க நெத்தியில இருக்கிறதும் ஒரே சந்தனமா?”