மூன்று ஷிப்டிலும் நான்

இருபது வயதுப் பெண்ணிடம் ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்து, இது உனக்கு மட்டும்தான், யாரிடமும் சொல்லிவிடாதே என்றால் அவள் என்ன செய்வாள்? மற்றவர்கள் எப்படியோ, நான் இருபத்திரண்டு பேரிடம் சொன்னேன். காதோடு காதாகக்கூடச் சொல்லவில்லை, தொண்டை கிழியக் கத்திச் சொன்னேன். சாத்தூரில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெரிய இட்லிக் கொப்பரை இருந்தால் அது தெருவுக்கே பொது. பாஸ்வேர்டையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நடந்த கதை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனி ஒன்று (பெயர் வேண்டாம், பாவம்). டிப்ளமோ முடித்த கையோடு தெற்கத்திப் பெண்கள் கும்பலாக வந்து இறங்கி, ஹாஸ்டலில் அறைக்கு எட்டுப் பேராக அடைந்து, பயிற்சி ஊழியர்களாகச் சேர்ந்தோம். ஒரு வருடம் பயிற்சி. முடிவில் தேறியவர்களை நிரந்தரம் செய்வார்கள், மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் நிரந்தர வேலை என்று ஒன்று வாய்த்ததில்லை. அப்பா தீப்பெட்டி ஆபீசில் லாரிக்கு லோடு எழுதுகிறவர். ஆர்டர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அம்மா போனில் நலம் விசாரிப்பதற்கு முன்பே, "பெர்மனென்ட் ஆயிருவேல்ல?" என்றுதான் கேட்பாள்.

எங்கள் லைனில் போர்டைச் சோதிக்கும் மேசைகள் நான்கு. மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர். போர்டை வைத்து மூடியை அழுத்தினால் திரையில் பச்சை வரும் அல்லது சிவப்பு வரும். யார் சோதித்தார்கள் என்பதும் பதிவாகும். அதற்காக ஒவ்வொரு ஷிப்டிலும் உட்காருகிறவள் தன் எண்ணையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கம்ப்யூட்டரோ, ஒருத்தியை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருத்தியை உள்ளே விட முழுசாக நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும். மணி அடித்த நொடியிலிருந்து டார்கெட் ஓட ஆரம்பித்துவிடும். முதல் மணி நேரக் கணக்கில் பத்துப் போர்டு குறைந்தால் சூப்பர்வைசர் தேவராஜ் சாரின் முகத்தைப் பார்க்க முடியாது.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. எதற்கு வெளியே வர வேண்டும்? நான்கு கம்ப்யூட்டரிலும் என் எண்ணைப் போட்டு அப்படியே விட்டுவிட்டால் என்ன? ஷிப்ட் மாறும், ஆள் மாறும், உள்ளே நான் மட்டும் மாறாமல் இருப்பேன். நான்கு நிமிடமும் மிச்சம். (இதைக் கண்டுபிடித்த அன்று பெரிய விஞ்ஞானி மாதிரி இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.)

ஒரே ஒரு தொல்லை. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை பூட்டிக்கொண்டு மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். மிஷின் சத்தத்துக்கு நடுவே, "அக்கா, பாஸ்வேர்டு என்னக்கா?" என்று யாராவது கூப்பிடுவார்கள். வல்லக்கோட்டை முருகனை நினைத்து நான் வைத்திருந்த பாஸ்வேர்டு, வெற்றிவேல். இருந்த இடத்திலிருந்தே, "வெற்றிவேல்" என்று கத்துவேன். தமிழ்நாட்டில் ஒருவர் வெற்றிவேல் என்றால் கேட்கிறவர்களுக்குச் சும்மா இருக்க மனசு வராது. லைனின் அந்தக் கோடியிலிருந்து "வீரவேல்" என்று பதில் வரும். மாதம் ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டர் அடம் பிடிக்கும். அந்த மாதம் வீரவேல் என்று வைப்பேன். அடுத்த மாதம் மறுபடியும் வெற்றிவேல். தேவராஜ் சாரும் போகிற வருகிற வழியில் கையை நெஞ்சில் வைத்து "வீரவேல்" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பக்தியா என்று கேன்டீனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாராம்.

இப்படியே எட்டு மாதம் போயிற்று. அந்தச் சமயத்தில் கம்பெனி ஒரு புதுமை செய்தது. மாதத்தின் சிறந்த ஊழியரை அதுவரை சூப்பர்வைசர்கள் சொல்லித் தேர்ந்தெடுப்பார்கள். இனிமேல் யார் எத்தனை போர்டு சோதித்தார்கள் என்று எண்ணிக் கம்ப்யூட்டரே தேர்ந்தெடுக்கும், பாரபட்சம் இருக்காது என்று அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் கொஞ்சமும் பாரபட்சம் பார்க்காமல் என்னைத் தேர்ந்தெடுத்தது. இரண்டாவதாக வந்தவளுக்கும் எனக்கும் நடுவே தூரம் அதிகம்.

அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்று நாள் நான் அதை நம்பினேன். என் கை வேகம் எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். கேன்டீன் சுவரில் என் போட்டோவை மாட்டினார்கள். எஸ்.டி.டி பூத்திலிருந்து வீட்டுக்கு அடித்தேன். விருது விழாவுக்குப் பெற்றோரும் வரலாம் என்றதும் அப்பா கடனுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்து, ஒரு டின் நிறைய சாத்தூர் சேவோடு அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதே வாரத்தில் எங்கள் போர்டுகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு ஆடிட்டர் வந்திருந்தார். அவர்கள் பக்கம் சில போர்டுகள் பழுதாகிவிட்டன, யார் சோதித்து அனுப்பியது என்று பார்க்க வந்தவர். விழாவன்று, வந்த விருந்தாளி கையாலேயே கொடுக்கட்டும் என்று மேடையேற்றினார்கள். அவர் விருதை எடுக்கவில்லை. பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து, என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். குவாலிட்டி மேனேஜர் மைக்கில் தமிழில் சொன்னார்: "நீங்க எப்பம்மா தூங்குவீங்கன்னு கேக்கறாரு."

கேன்டீனே சிரித்துக் கை தட்டியது. நானும் வெட்கப்பட்டுச் சிரித்தேன். ஆடிட்டர் மட்டும் சிரிக்காமல் மறுபடியும் அதையே கேட்டார். மூன்றாவது வரிசையில் இருந்த அப்பா, மகளுக்காகப் பதில் சொல்ல எழுந்துவிட்டார்.

"சின்னப் பிள்ளையிலருந்தே அவ சரியா ஒறங்க மாட்டா சார். தொட்டில்ல போட்டாலும் முழிச்சுக்கிட்டேதான் கெடப்பா."

இதையும் மேனேஜர் மொழிபெயர்த்தார். ஆடிட்டர் காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மூன்று ஷிப்ட், நான்கு மேசை, எட்டு மாதம், எல்லா வரியிலும் என் பெயர். பொங்கலுக்கு நான் ஊரில் கரும்பு கடித்துக்கொண்டிருந்த நாளிலும் என் பெயர். கை தட்டல் வரிசை வரிசையாக நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. அதுவோ கம்பெனியின் சிமென்ட் தரை, லேசில் பிளக்காது.

அடுத்த பத்தாவது நிமிடம் எச்.ஆர். மேடத்தின் அறையில் இருந்தேன். ஒரு பக்கம் ஆடிட்டர், இன்னொரு பக்கம் தேவராஜ் சார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சேவு டின்னை மடியில் வைத்தபடி அப்பாவும் அம்மாவும். தண்டலத்துக்காரரான தேவராஜ் சாருக்கு வேர்த்து ஊற்றியது. "இன்னாம்மா இது, பகல் ஷிப்டும் நீ, நைட் ஷிப்டும் நீன்னு கீது?" என்றார். பழுதான போர்டைச் சோதித்தது யார் என்று இப்போது கடவுளுக்கே தெரியாது, அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தால் கம்பெனிக்கு எவ்வளவு கெட்ட பேர் என்று மேடம் சொல்லிக்கொண்டே போனார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார்.

"உன் பாஸ்வேர்டை யார் யார் யூஸ் பண்ணாங்க? பேரை எழுதிக் குடு. உன் கன்ஃபர்மேஷனுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

பேனாவை எடுத்தேன். இருபத்திரண்டு பேரும் என்னைப் போலவே பயிற்சி ஊழியர்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு அம்மா "பெர்மனென்ட் ஆயிருவேல்ல?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். வேலையை எளிதாக்கலாம் என்று நான்தான் அவர்களை இதில் இழுத்தேன். என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நானாக வாங்கிய விருது என்றால் அந்த ஒரு வரிதான்.

மேடம் பெருமூச்சு விட்டு, அப்படி என்னதான் பாஸ்வேர்டு என்று கேட்டார்.

"வெற்றிவேல், மேடம்."

"வீரவேல்" என்றார் தேவராஜ் சார், கையை நெஞ்சில் வைத்து. நெஞ்சில் வைத்த கையை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர், "சாமி கும்புடுதுங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்" என்றார்.

ஆடிட்டர் என்ன நடக்கிறது என்று கேட்டு, மேடம் விளக்கி முடித்ததும், முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னிடம் கேட்டார். எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. நான்கு நிமிடக் கதையைச் சொன்னேன். உண்மையா என்று தேவராஜ் சாரைப் பார்த்தார். அவர் தலையாட்டியதும் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

கதவைத் திறந்தால் வராந்தாவில் வரிசை. எங்கள் லைன் பிள்ளைகள். முதலில் நின்ற கோவில்பட்டி சண்முகத்தாய், "மேடம், நானும் அதுல போட்டிருக்கேன், எம் பேரையும் எழுதுங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இருபத்திரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பினால் மறுநாள் லைனை யார் ஓட்டுவது என்று மேடம் யோசித்திருக்க வேண்டும். நான் அழுதேன். அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று சேவு டின்னைத் திறந்து வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள்.

விருது போயிற்று. போட்டோவைக் கழற்றினார்கள். யாருக்கும் வேலை போகவில்லை, எனக்கு மட்டும் கன்ஃபர்மேஷனை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். அனுப்பாமல் இருந்த போர்டுகளையெல்லாம் ஒவ்வொருத்தியும் அவரவர் பாஸ்வேர்டில் மறுபடி சோதித்தோம். உள்ளே போய் முடித்த பிறகுதான் டார்கெட் ஓட வேண்டும் என்று கம்பெனி மாற்றியது. பஸ் ஸ்டாண்டில் அப்பா அந்தப் புதுச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "அவார்டு கெடக்கு. நீ ஒருத்தி பேரையும் சொல்லலைல்ல" என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. வாரத்துக்கு ஒருவன் பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி, போனில் வந்த நம்பரைக் கேட்கிறான். அப்பா போனை வைக்கச் சொல்வதில்லை, திட்டுவதும் இல்லை. "தம்பி, எம் மக ஒருக்கா பாஸ்வேர்டைச் சொல்லி என்னாச்சு தெரியுமா" என்று சாத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பிக்கிறார். பெரும்பாலும் மதுரை தாண்டுவதற்குள் எதிர்முனை கட்டாகிவிடும். போன மாதம் ஒருவன் மட்டும் விழா, ஆடிட்டர், வெள்ளைத்தாள் என்று கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்புறம் அக்கா பெர்மனென்ட் ஆச்சா சார்?" என்று கேட்டானாம்.

"ஆயிட்டா தம்பி. இப்ப ஒரகடத்துல ஒரு பெரிய கம்பெனில பாஸ்வேர்டுக்கெல்லாம் அவதான் ஆபீசர்" என்றாராம் அப்பா. அதற்குப் பிறகுதான் அவன் போனை வைத்திருக்கிறான். அந்த நம்பரை உடனே பிளாக் செய்யுங்கள் என்று நான் கத்த, நல்ல பையன், பொறுமையாகக் கேட்டான் என்று அப்பா இன்னும் செய்யாமல் வைத்திருக்கிறார்.