புதன்கிழமைச் சத்தம்

மனோகருக்கு அவசரமாகக் கொஞ்சம் சத்தம் தேவைப்பட்டது.

முன்னறையில் புதிதாகப் பொருத்தியிருந்த ஜன்னலைத் திறந்துவைத்து, தெருப்பக்கம் காதை நீட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டு முருங்கை மரத்தில் ஓர் அணில் இரண்டு முறை கத்திப் பார்த்துவிட்டு, கூச்சமாக இருந்ததோ என்னவோ, நிறுத்திக்கொண்டது.

"லதா, இன்னா இது? நம்ம தெருவுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலியே. எப்பவும் போலத்தான் கீது," என்றாள் அவன் மனைவி சமையலறையிலிருந்து.

"எப்பவும் இப்டியா? பைக்கு, ஸ்பீக்கரு, கிரிக்கெட்டு, சண்டை, எல்லாம் எங்க?"

"அது ஞாயித்துக்கெழம. இன்னிக்குப் புதன். எல்லாரும் காலைல ரயிலேறி பெங்களூரு போயாச்சு. கத்தறதுக்கு ஆளு வேணாமா?"

மனோகர் ஜன்னல் கட்டையிலேயே சாய்ந்துவிட்டான். அவன் கோலார் தங்க வயலில், மாரிகுப்பத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் வேலை கிடைத்த நாள் முதலாக இருட்டோடு ரயிலேறி, பெங்களூரில் ஒரு ஜன்னல் கம்பெனியின் குடோனில் கண்ணாடிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இருட்டிய பிறகு திரும்புகிறவன். சொந்தத் தெருவைப் பகல் வெளிச்சத்தில் அவன் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வாரம் முழுக்க ரயிலில் அடைபட்டவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் மொத்தமாகச் சேர்த்துவைத்துச் சத்தம் போடுவார்கள். தெரு தினமும் அப்படித்தான் இருக்கும் என்று மனோகர் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தான்.

நம்பியதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. வெளியிலிருந்து சத்தம் உள்ளே வராத இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களுக்குத் தங்க வயலில் ஒரு கிளை திறக்கலாமா என்று மேனேஜர் சுதர்சன் யோசித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு போன் போட்டு, போனை அப்படியே வாசலில் நீட்டிவிட்டான். சுதர்சன் ஆடிப்போய்விட்டார்.

"என்ன மனோகர், இதுக்கு நடுவுலயா குடித்தனம் பண்றீங்க? கம்பெனி செலவுல உங்க வீட்ல ஒரு ஜன்னல் போடறேன். நானே நேர்ல வந்து பாக்கறேன். வெளிய சத்தம் இருந்து, உள்ள அது கேக்கலைன்னா, கிளை உங்களுக்குத்தான்."

கிளை கிடைத்தால் ரயில் கிடையாது. மனோகருக்கு அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். அவன் மகள் மேகனா ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொன்னபோது, அம்மாவை வரைந்து, தன்னை வரைந்து, அப்பா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ரயிலை வரைந்திருந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மனோகரும் சிரித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

போன் அடித்தது. சுதர்சன்தான். ஜன்னலைப் பார்க்க அவர் இன்றைக்கு வருவதால்தான் மனோகர் லீவு போட்டிருந்தான்.

"பங்காருப்பேட்டை வந்துட்டேன். அரை மணியில அங்க இருப்பேன். சத்தம் எல்லாம் எப்படி?"

"காது கிழியுது சார்!" என்று கத்திவிட்டு, அவருக்குத் தெருவின் அமைதி கேட்டுவிடப் போகிறதே என்று அவசரமாக வைத்தான்.

முதலில் அவன் கண்ணில் பட்டது மிக்ஸி. அதை வாசலுக்குத் தூக்கி வந்து, வயரை இழுத்துச் செருகி, ஜாடியில் ஒன்றுமே போடாமல் முழு வேகத்தில் ஓடவிட்டான். நல்ல சத்தம்தான். சந்தோஷமாக உள்ளே ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். சத்தம் சட்டென்று நின்றது. ஜன்னல் என்றால் இது ஜன்னல் என்று பூரித்துப்போய் மறுபடி திறந்தான். அப்போதும் சத்தம் இல்லை. மிக்ஸியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"ஐயோ, எங்கம்மா குடுத்த மிக்ஸி!" லதா வாசல்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அழுவுறதுதான் அழுவுற, கொஞ்சம் சத்தமா அழுவேன்," என்றான் மனோகர்.

அவள் பார்த்த பார்வையில் அவன் பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.

பக்கத்து வீட்டுக் கங்கம்மா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டரம்மா, உங்க டிவியைக் கொஞ்சம் ஃபுல் சவுண்டுல வெக்கறீங்களா? மேனேஜரு வராரு. எனக்குக் கிளை குடுத்தா நான் இங்கயே இருந்துடுவேன்."

சிஸ்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை நிதானமாகப் பார்த்தார்.

"ஏண்டா மனோகரு, வார்டுல வாழ்நாள் பூரா 'சத்தம் போடாதீங்க'ன்னு சொன்ன வாயிடா இது. என்னாண்ட வந்து சத்தம் கேக்கறியே, வேற வூடு கெடைக்கலியா உனக்கு?"

மனோகர் கடைசி அஸ்திரமாக ஃப்ரெடிக்கு போன் செய்தான். ஃப்ரெடி பேண்டு செட் வைத்திருப்பவன், பால்ய நண்பன்.

"மச்சான், உடனே ஒரு செட்டு அனுப்பு."

"கல்யாண செட்டுப் பசங்க எல்லாம் பெங்களூருல டூட்டிக்குப் போயிட்டானுங்கடா. சாவு செட்டுதான் கீது. அவனுங்க எப்பவும் ரெடியா இருக்கணுமில்ல?"

"எந்த செட்டா இருந்தா இன்னா? சத்தம் வந்தா சரி."

ஃப்ரெடியே முன்னால் நின்று ஆட்களைக் கூட்டிவந்தான். இரண்டு டிரம்பெட், ஒரு பெரிய டிரம், ஒரு ஜால்ரா. ஜன்னலுக்கு நேராக நின்று ஊத ஆரம்பித்தார்கள். முருங்கை மரத்து அணில் அடுத்த தெருவுக்கு ஓடியது.

"டேய், கொஞ்சம் ஜாலியா ஏதாவது வாசிக்கச் சொல்லுடா!"

"சினிமா பாட்டு எல்லாம் தெரியும் மச்சான். ஆனா எதை வாசிச்சாலும் அவனுங்க கையில இப்டித்தான் வரும்."

நேரமில்லை. மேனேஜருக்கு வழி தெரியாது. மனோகர் காரை எதிர்கொள்ள மெயின் ரோட்டுக்கு ஓடினான்.

பகலில் அந்தத் தெருவில் ஆள் இல்லையே தவிர, சுற்றி வரிசை வரிசையாக இருந்த, சுரங்கக் காலத்து லைன் வீடுகளில் பென்ஷன்காரர்களும் பெண்களும் இருந்தார்கள். சாவு செட்டின் சத்தம் கேட்டதும் அவரவர் வேலையைப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது, வாசலில் பேண்டு, படியில் தலைவிரிகோலமாக அழுகிற லதா. எந்நேரமும் ரயிலே கதியாகக் கிடந்த மனோகருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்ட அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"சின்ன வயசாச்சே!" என்று அடுத்த லைன் ஜெயம்மா லதாவைக் கட்டிக்கொண்டாள்.

"இல்லக்கா, மிக்ஸி..."

"பேசாத தாயி. இப்ப மிக்ஸியப் பத்தியா யோசிப்பாங்க? உள்ள வா."

லதாவை உள்ளே இழுத்துப்போய் நடுவில் உட்காரவைத்து, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி ஆரம்பித்தார்கள். வெளியே பேண்டுச் சத்தத்தில் ஜெயம்மாவின் பாட்டு எடுபடவில்லை. அவளுக்கு அது பொறுக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள், ஜன்னலையும் இறுக்கிச் சாத்தினாள்.

கார் தெருமுனையில் திரும்பியதும் சுதர்சன் முகம் மாறியது.

"மனோகர், ஏதோ துக்கம் போல இருக்கே. இன்னொரு நாள் வரட்டுமா?"

"துக்கம் எல்லாம் இல்ல சார். எங்க தெருவுல டெய்லி இப்டித்தான்."

"டெய்லியா?"

"டெய்லி சார்."

சுதர்சன் அந்தத் தெருவின் வீடுகளை ஒரு தரம் எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, ஜாக்கிரதையாக இறங்கினார். ஃப்ரெடி மரியாதைக்காக வாசிப்பை நிறுத்தச் சொன்னான். இருவரும் ஜன்னல் அருகே போனார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே மாரில் அடித்துக்கொண்டிருந்தது. வாய்கள் ஆவென்று திறந்து மூடின. ஜெயம்மா தலையைப் பின்னால் சாய்த்து, நரம்பு புடைக்க எதையோ இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அத்தனையும் முணுமுணுப்பாகக்கூட வெளியே கேட்கவில்லை.

சுதர்சன் கண்ணாடியில் காதை வைத்துப் பார்த்தார். பரவசப்பட்டுப் போனார்.

"பிரமாதம் மனோகர்! உள்ளேருந்து வெளிய வரலைன்னா வெளியேருந்து உள்ள எப்படிப் போகும்? எப்படி இவ்வளவு பேரை ஏற்பாடு பண்ணீங்க?"

அந்த நிமிடத்தில் அவன் கிளையை வாங்கிவிட்டான் என்றே சொல்லலாம். ஆனால் ஜெயம்மா தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் ஒட்டியபடி பல்லைக் காட்டிச் சிரிக்கும் மனோகரின் முகத்தைப் பார்த்தாள். கதவு படாரென்று திறந்தது. பெண்கள் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். விஷயம் புரிந்த பிறகு, செத்துப் போகாததற்காக மனோகர் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

"பேண்டு செட்டு வெச்சு வெளையாடறதா? ஈ பறந்தாக்கூட கேக்கற தெருவுல, இன்னா எழவோன்னு ஓடிவந்தேன்!" என்றாள் ஜெயம்மா. வாங்கி வந்த மாலையைத் திரும்பக் கடையில் கொடுக்க முடியாது என்பதால், அதை அவன் கழுத்திலேயே போட்டுவிட்டுப் போனாள். கூட்டம் கலைந்தது. ஃப்ரெடி ஆட்களோடு நழுவிவிட்டான்.

தெரு பழையபடி அமைதியானது. சுதர்சன் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஈ பறந்தாக்கூட கேக்கற தெருவா மனோகர்?"

மனோகர் மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்துகொண்டான். "ஞாயித்துக்கெழமைல கேட்டதெல்லாம் நெஜம் சார். மத்த நாள்ல இப்டி இருக்கும்னு சத்தியமா எனக்குத் தெரியாது. நான் இருந்தாத்தானே தெரியும்?"

அவன் குரல் கடைசியில் உடைந்தது. சுதர்சன் கெட்ட மனிதர் அல்ல. அவன் தோளைத் தட்டினார்.

"ஜன்னல் நல்ல ஜன்னல். ஆனா சத்தமே இல்லாத இடத்துல இதை யாரு வாங்குவா? ஹெட் ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க. ஒரே ஒரு ஆர்டர் இருந்தாக்கூட நான் பேசிப் பாப்பேன்."

மனோகர் தெருவை மேலும் கீழும் பார்த்தான். கேட்பதற்கு ஆள் இல்லை. நாளைக் காலை ரயிலும், அதில் தான் எப்போதும் பிடிக்கிற மூலை சீட்டும் அவன் கண்முன் வந்தன. மேகனாவின் படத்தில் ரயில் ரயிலாகவே இருக்கப்போகிறது.

"ஹோகோணா," என்று டிரைவரிடம் கன்னடத்தில் கிளம்பச் சொல்லிவிட்டு, சுதர்சன் காரில் ஒரு காலை வைத்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

பக்கத்து வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு சிஸ்டரம்மா வந்தார். இரண்டு காதுகளிலும் பஞ்சு அடைத்திருந்தது. ஒரு பக்கத்துப் பஞ்சை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவனுக்கு நீங்க கிளை குடுத்தா, பெங்களூரு போறத வுட்டுட்டு தெனம் பகல்ல இங்கயேதான் இருப்பானா?"

"ஆமாம்மா. குடுத்தா இங்கேயேதான் இருப்பார்."

சிஸ்டரம்மா, கருகிக் கிடந்த மிக்ஸியையும், வாசலில் சிதறிக் கிடந்த பூவையும், கழுத்தில் மாலையோடு நின்ற மனோகரையும் ஒரு முறை பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அப்போ என் வூட்டுக்கு ஆறு ஜன்னல் எழுதிக்கோங்க."