புறங்காட்டாப் பேருந்தும் வளைவில் நின்ற காரும்

ஜூன் 12, வியாழன். ஒரு சிறு பிழை. பஸ் திரும்பும் வளைவில் யாராவது காரை நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கக் காரில் போனேன். காரை வளைவில் நிறுத்தினேன்.

வாழ்க, மெழுகிலும் பீங்கானிலும் பிறர்க்குப் பல் வடித்துத் தன் பல்லைக் கடித்தே நாள் கழித்த நங்கை. வாழ்க, வாகனக் கடலின் நடுவே பாதசாரியாய்ப் பிறந்தவள். அவள் கையெழுத்திட்ட மனுக்களும் வாழ்க. அவற்றைத் தூக்கிச் சுமந்த தோள்பையும் வாழ்க.

அவள் குடியிருந்த நகரோ, பெருநகரின் ஆடை விளிம்பிலிருந்து பிரிந்து தொங்கும் நூல்போல, வீட்டின்மேல் வீடாக வளராமல் வீட்டுக்கப்பால் வீடாக நீண்டு, அடிவானத்தைத் தொட்டும் அடங்காமல் கிடந்தது. அங்கே கால் என்பது ஆக்ஸிலேட்டரை மிதிக்க அமைந்த உறுப்பு. பால் வாங்கத் தேரேறுவர். மறந்துபோன சர்க்கரைக்கு மறுபடியும் தேரேறுவர். நின்ற இடத்திலேயே நடக்கவைக்கும் இயந்திரத்தில் நடந்துவிட்டு வர, அதற்கும் தேரேறுவர்.

அவள் இல்லத்தின் ஒரே தேருக்கு அண்ணனே அரசன், அவனே சாரதி. காலையில் அவளைப் பல் பட்டறையில் இறக்கிவிடுவான். மாலையில் அள்ளிக்கொண்டு வருவான். ஆனால் கணக்கியல் மாலை வகுப்புக்குப் போவது அவன் மனம் என்னும் வானிலையைப் பொறுத்தது. "கூட்டிட்டுப் போறேன், மேட்ச் முடியட்டும்" என்பான். மேட்ச் முடியும்போது வகுப்பும் முடிந்திருக்கும். இன்னும் ஒருநாள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று ஆசிரியை சொல்லியாகிவிட்டது. அடுத்த வகுப்பு வெள்ளி மாலை.

ஆகவே அவள் பேருந்து கேட்டாள். வீடுவீடாய்க் கையெழுத்து வாங்கி, அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கி, கேட்டுக்கொண்டே இருந்தாள். "பஸ் வந்தா வீட்டு விலை இறங்கிடும், தெரியுமா?" என்று அண்ணன் முழங்கினான். "நமக்கு விக்கிற உத்தேசம் இருக்கா?" என்று அண்ணி கேட்டதும் முழக்கம் நின்றது.

கடைசியில் போக்குவரத்து அதிகாரி ஒருவர், அளவு நாடாவை உடைவாள்போல் இடுப்பில் செருகியவர், தீர்ப்புரைத்தார்: "வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸோட வர்றேன். கடைசி வளைவுல ரிவர்ஸ் எடுக்காம திரும்பிச்சுன்னா மறுநாளே ஓடும். எடுத்தா, இந்த ரோடு லாயக்கில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டே இருப்பேன்."

புறமுதுகு காட்டாமை மறவர்க்கு அறமெனின், பேருந்துக்கும் அதுவே அறமாயிற்று.

வளைவில் காரை நிறுத்த வேண்டாமென்று அவள் கதவுதோறும் சீட்டுச் செருகினாள். அதிசயம், அத்தனை பேரும் கேட்டார்கள். வியாழன் மாலை அவ்வீதி, போருக்குக் கழுவி வைத்த களம்போல் வெறிச்சோடி ஒளிர்ந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நூறுமுறை சரிபார்த்தாலும் நூற்றொன்றாம் முறை நெஞ்சரிக்கும் இயல்பினள் அவள். கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிடத் துணிந்தாள். வீதியோ நெடியது, அண்ணனின் சாவியோ ஆணியில் தொங்கியது. வளைவின் நட்டநடுவே காரை நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைக் கண்சிமிட்ட விட்டு, இறங்கி, ஓரமாய் உருண்டு கிடந்த குப்பைத்தொட்டியை நிமிர்த்தினாள். நிமிர்த்தியதை ஒருமுறை சரிபார்த்தாள்.

அப்போது கேட்டது அந்தப் பிளிறல். மதம்கொண்ட களிறு கரும்புத் தோட்டத்துள் நுழைவதுபோல், நெற்றியில் விளக்கெரிய, வயிறு குலுங்க, வந்தது பேருந்து. அவள் பாய்ந்தேறிச் சாவியைத் திருகினாள். "டிக்" என்றது கார். மீண்டும் திருகினாள். அதுவும் சொல்லவில்லை.

ஓட்டுநர் அம்மாள் தலையை வெளியே நீட்டினார். "யார் காரும்மா இது?"

"எங்களுதுதான்."

"பஸ் வேணும்னு மனுப் போட்டது யாரு?"

"அதுவும் நான்தான்."

ஓட்டுநர் அதிகாரியைப் பார்த்தார். "சார், ரிவர்ஸ் எடுத்துரவா?"

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எடுக்காதீங்க," என்றாள் அவள். "தள்ளிடறேன்."

தள்ளினாள். மலையைத் தள்ளிய எறும்பும் அத்தனை உறுதியோடு தள்ளியிராது. மலையும் அத்தனை உறுதியோடு நின்றிராது. பேருந்தின் பிளிறல் கேட்டு வீதியின் கார்க்கொட்டில் கதவுகள் ஒவ்வொன்றாய் மேலெழுந்தன. அதுகாறும் கண்ணாடிக்குப் பின்னால் மார்பளவுச் சிலைகளாகவே அறியப்பட்ட அயலார், தத்தம் கால்களோடு வெளிப்போந்தனர். "நீங்க இவ்ளோ உயரமா? உக்காந்தேதான் பாத்திருக்கேன்," என்று மூலைவீட்டு மருந்துக்கடைக்காரரிடம் அண்ணி வியந்தாள். அவரும் தோள் கொடுத்தார். தேர் அசையவில்லை.

பின்னர் வந்தான் அரசன், தொலைக்காட்சி ரிமோட்டைச் செங்கோலாய் ஏந்தியவாறே.

"லைட்டைப் போட்டுட்டு இறங்கினியா?"

"எச்சரிக்கை விளக்குண்ணா."

"அந்த பேட்டரிக்கு அதுவே எமன்." அவன் பேருந்தைப் பார்த்தான், அதிகாரியின் பேனாவைப் பார்த்தான். சும்மா நின்றாலே போதும், வென்றுவிடுவான். அதை அவளும் அறிந்தாள்.

"அண்ணா, நாளைக்கு வகுப்பு. இதுதான் கடைசி."

ரிமோட்டை அண்ணியிடம் நீட்டினான். "நகரு. ஹேண்ட் பிரேக்கை எடுக்காம தள்ளினா எந்தக் கார் நகரும்டி?"

பிரேக் விடுபட்டது. அதன்பின் அண்ணன் தன் தேருக்குத் தானே தோள் கொடுக்க, மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க, ஓட்டுநர் அம்மாளும் இறங்கிவந்து, "பஸ்ஸையே தள்ளுனவ நான், இது என்ன பிஸ்கோத்து," என்று ஒரு கை வைக்க, கரைபுரண்ட வெள்ளம் கட்டுமரத்தைக் கொண்டுசெல்வதுபோல் கார் உருண்டு தன் வீட்டு வாசலில் தஞ்சம் புகுந்தது. பேருந்தோ, வளைவின் விளிம்புக்கல்லை உரசுமோ உரசாதோ என்று ஊரே மூச்சடக்க, நிமிர்த்திய குப்பைத்தொட்டியை நூலிழையில் தவிர்த்து, புறங்காட்டாமல், ஓரடியும் பின்வையாமல், முழுவட்டமாய்த் திரும்பி வெற்றிச்சங்கம் முழங்கிற்று. அதிகாரி எழுதினார்: திரும்பியது.

"நாளையிலேருந்து காலையில ஏழு, சாயங்காலம் ஆறு," என்றார்.

அண்ணன் மெக்கானிக்கிடம் போனில் பேசிவிட்டு வந்தான். "பேட்டரி திங்கட்கிழமைதான் வருமாம்," என்றான், யாரையும் பார்க்காமல்.

திசையெட்டும் அளந்த தேர் வாசலில் சாய்ந்துகிடக்க, அதன் காவலன் வெறுங்கையனாய் வீதிமுனையை நோக்க, கூடியிருந்தோர் வந்த வேலை முடிந்தும் உள்ளே போக மனமின்றி நின்று பேசிக்கொண்டிருக்க, வெற்றித்திருமகள் தன் நாட்குறிப்பின் கடைசி வரியை எழுதி, எழுதியதைச் சரிபார்த்தாள்.

நாளை காலை அண்ணனுக்குப் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைக்க வேண்டும்.