அஞ்சலி மாமாவின் சிரிப்பு

உயிரோடு இருப்பவர்களை மாமா அளவுக்குத் துக்கமாகப் பார்த்த மனிதர் கடலூர் ஜில்லாவிலேயே வேறு யாரும் கிடையாது. முதுநகரில் ஒரு பேனர் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் தயாரிப்பது அவர் வேலை. அதனால் தெருவுக்கே அவர் அஞ்சலி மாமா. எதிரே யார் வந்தாலும் மனசுக்குள் மாலை போட்டுவிடுவார்.

"மச்சான், மூஞ்சி இப்ப நல்லா தெளிவா இருக்குது. ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க. எளச்சிட்டா நல்லா வராது" என்று டீக்கடையில் ஒருவரிடம் சொன்னார். அந்த ஆள் பாதி டீயை வைத்துவிட்டு நேராக ரத்தப் பரிசோதனைக்குப் போனார்.

காரணம் இருந்தது. அத்தை திடீரென்று இறந்தபோது, தனியாக ஒரு படம்கூட வீட்டில் இல்லை. ஊருக்கெல்லாம் போஸ்டர் போட்டவர், சொந்த மனைவிக்கு ஆதார் படத்தை வைத்தார். அதில் அத்தை, யாரோ அதட்டிய மாதிரி விழித்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்ச மொகம்டா அவ" என்று மாமா உடைந்துபோனார். "எனக்காவது சிரிச்ச போட்டோ இருக்கணும்."

ஆனால் சிரிக்கப் பல் வேண்டுமே! அடிப்பிடித்த குண்டானைச் சுரண்டுவது போலப் பல் தேய்க்கிறவர் அவர். ஈறு ஓரமெல்லாம் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. உள்ளூரில் காட்டினால் சேதி பரவும் என்று, பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்.

டாக்டரம்மா பொறுமைசாலி. "ரெண்டு விதமா அடைக்கலாம்யா. கிளாஸ் அயனோமர்னா ஈறு ஓர ஈரத்துலயும் நல்லா ஒட்டிக்கும், கொஞ்சம் மங்கலா இருக்கும். கம்போசிட்னா பல்லு கலர்லயே பளபளன்னு இருக்கும். ஆனா வைக்கிறப்ப எச்சி படக்கூடாது. எதுவா இருந்தாலும் இந்த மாதிரி தேய்ச்சீங்கன்னா நிக்காது."

"நாளைக்கு என்னைய வச்சு கொளுத்துனா எது நிக்கும்?" என்றார் மாமா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

போட்டோவுக்குத்தானே என்று கம்போசிட் முடிவானது. பல்லோடு ஒத்துப்போகும் நிறத்தை டாக்டரம்மா தேர்ந்தெடுத்ததும், மாமாவின் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. "இன்னும் வெளுப்பா வைங்க டாக்டர். பிரிண்ட் போட்டா டல்லடிச்சிடும்."

"ஐயா, நான் பிரிண்ட் போடல. பல்லு அடைக்கிறேன்."

மாமா கேட்கவில்லை. மஞ்சள் பற்களின் மேலே, ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடுகள் வந்து சேர்ந்தன. திரும்பும் வழியில் பஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். "அவ இருந்திருந்தா, இத பாத்து உழுந்து உழுந்து சிரிச்சிருப்பாடா" என்றார். சொல்லும்போதே சிரித்தார், கண்ணில் நீரோடு. சட்டென்று போனில் எடுத்துவிட்டேன்.

போன மாதம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். படத்தைக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, பல்லு ஓரத்துல வெள்ளையா தெரியுது. எடுத்துடட்டுமா?"

"வேணாம்மா, தொடாத. இதுதான் எங்க மாமா."

ஸ்டேஷன் போகும் வழியில், சுவரிலிருந்து மாமா வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். பதிலுக்குச் சிரிக்காமல் என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை.